கட்டிலைத் தட்டும் சத்தம்

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒரு தடவை பெண்களுக்கென்று தனி ஆராதனை வைப்பார்கள். அன்றைக்கு ஒவ்வொருவராக எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். என் வரிசை நெருங்கும்போது தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் வெளியே போய்விடுவேன். நாற்பது வருடமாக அப்படித்தான். எழுந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனாலும் எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் வாயால் சொல்லாத சாட்சியை இங்கே எழுதி வைக்கிறேன். சபையில் சொல்லியிருந்தால் இதற்கு யாரும் அல்லேலூயா போட்டிருக்கமாட்டார்கள்.

எங்கள் வீடு ராஜபாளையத்தில், மில் சங்கு கேட்கிற தூரத்தில் இருக்கிறது. ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் தண்ணீர்த் தொட்டி. என் வீட்டுக்காரர் நூல் மில்லில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மெஷின் இரைச்சலில் கத்திக் கத்தியே பழகிவிட்டதால், சோறு கேட்பதைக்கூடத் தெருவுக்கே கேட்கும்படிதான் கேட்பார். ஓய்வு பெற்ற மறு வருடம் அவருக்கு வாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. அந்தக் குரலை எத்தனையோ நாள் நான் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அது போன பிறகு வீட்டில் வாய் திறப்பது குக்கர் மட்டும்தான் என்றாகிவிட்டது.

இடது கை மட்டும் தப்பியது. அந்தக் கைக்கு எட்டும்படி ஒரு எவர்சில்வர் கரண்டியைக் கட்டில் கம்பியில் துணியால் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் மூத்திரம். விடாமல் தட்டினால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. அவரும் நானுமாக ஒரு வாரத்தில் உண்டாக்கிக்கொண்ட பாஷை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சண்டை போடாமல் பேசிக்கொண்டது அந்தக் கரண்டி வழியாகத்தான்.

வீட்டை விட்டு நகர முடியாததால் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலையை எடுத்தேன். எங்கள் பக்கத்தில் அது நிறையப் பெண்கள் செய்கிற வேலை. ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மேல் வைத்துக் கட்டுகிற மெல்லிய வெள்ளைத் துணி, துண்டு துண்டாக வெட்டி மூட்டையில் வரும். வெட்டின ஓரம் வெளியே தெரியாமல் உள்ளே தள்ளி, கையகலச் சதுரமாக மடிக்க வேண்டும். ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். கம்பெனியில் செக்கிங் செய்கிற பெண்கள் அந்தக் கட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நூறு மடித்தால் ஒரு கட்டு. வாரத்துக்கு இரண்டு நாள் லோடு ஆட்டோவில் ஒரு அண்ணாச்சி வந்து, மடித்ததை எடுத்துக்கொண்டு புது மூட்டையைப் போட்டுவிட்டுப் போவார்.

முதல் வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் என் வீட்டுக்காரரின் அக்கா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் கோயிலுக்குப் போய்விட்டு வருவேன். அந்த மதினி காலமான பிறகு என் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் சபையை நடத்துகிற ஐயர் வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுப்பார்.

“எப்படிம்மா இருக்கீங்க?” என்பார்.

“கர்த்தர் பெலன் குடுக்காரு ஐயா” என்பேன். அதற்கு மேல் ஐயர் என்ன கேட்பார்? ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விடுவார்.

அந்த நாட்களில்தான் துணி மடிக்கும்போது ஜெபம் பண்ண ஆரம்பித்தேன். யாரும் சொல்லி ஆரம்பிக்கவில்லை. ஒரு நாள் மடித்துக்கொண்டே இருக்கும்போது, இது எந்த ஊரில் யார் புண்ணில் போய் உட்காருமோ என்று தோன்றியது. ‘ஆண்டவரே, இதை யார் உடம்பில் வைப்பார்களோ அவரை ஆற்றும்’ என்று சொல்லி மடித்தேன். அடுத்ததற்கும் சொன்னேன். காலில் ஆணி ஏறினவருக்கு ஒன்று. வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தவளுக்கு ஒன்று. என் மகன் பட்டாளத்தில் இருக்கிறான், வடக்கே எங்கேயோ மலைமேல். அவனைப் போன்ற பிள்ளைகளுக்கென்று ஒரு பத்து.

அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எழுதினால் புரியுமா தெரியவில்லை. கோயிலுக்குப் போக முடியாதவளுக்குக் கோயில் மடிக்கே வந்த மாதிரி. பேச ஆளில்லாத வீட்டில் முகம் தெரியாத அத்தனை பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஏழெட்டு மாதம் நான் சோர்ந்து விழாமல் இருந்தேன் என்றால் அதனால்தான். அதை நான் மறுக்கவில்லை.

பிறகு ஒரு நாள், ஒரு துணியை ஜெபம் பண்ணாமல் மடித்துவிட்டேன். பால் பொங்குகிற சத்தம் கேட்டு எழுந்து போனதில் விட்டுப்போனது. எந்தத் துணி என்று தெரியவில்லை. அந்தத் துணி யாருக்குப் போகுமோ, அவர் மட்டும் ஆறாமல் போனால்? கட்டைப் பிரித்து நூறையும் மறுபடி மடித்தேன். அன்றைக்கு அது பக்தி என்றே நினைத்தேன்.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. மனம் எங்கேயாவது ஓடினால் அந்தத் துணியைப் பிரித்து மறுபடி மடிப்பேன். இருமினால் பிரிப்பேன். ‘ஆற்றும்’ என்கிற வார்த்தையைச் சொல்லும்போதே கடைசி மடிப்பும் விழ வேண்டும். இல்லையென்றால் பிரிப்பேன். ஒரு நாளில் முடிகிற கட்டுகள் இரண்டு நாள் இழுத்தன. நின்றுகொண்டே சாப்பிட்டேன். தலை சீவுவதை விட்டேன். கண் எரிந்தது, தோள்பட்டை இரும்பாகக் கனத்தது. சோர்வு வந்தபோதெல்லாம் என் விசுவாசம் குறைந்துவிட்டது என்று நினைத்து, வெள்ளிக்கிழமை உபவாசத்தைச் செவ்வாய்க்கிழமையும் சேர்த்து இருந்தேன்.

அண்ணாச்சி ஒரு தடவை வாசலில் நின்று மூட்டையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “என்னத்தா இது, போன மூட்டையே பாதி அப்படியே கெடக்கு? மத்த வீட்ல எல்லாம் அம்புட்டையும் முடிச்சுட்டு அடுத்ததக் கேக்காக. நீங்க துணிய மடிக்கீகளா, சீராட்டுதீகளா?”

“அடுத்த வாட்டி முடிச்சிருதேன் அண்ணாச்சி.”

“இப்பிடியே போனா முதலாளி வேற வீட்டுக்கு மாத்தச் சொல்லிருவாரு. சொல்லிட்டேன்.”

அன்றிலிருந்து பயமும் சேர்ந்துகொண்டது. வேலை போனால் வருமானத்தோடு அந்த முகம் தெரியாத கூட்டமும் போய்விடும் அல்லவா.

மகன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். “அம்மா, ஒத்தையில கெடந்து அல்லாடாத. ஒரு ஆளு போட்டுக்குவோம், நான் அனுப்புதேன்.”

“வேண்டாம்ப்பா. கர்த்தர் பெலன் குடுக்காரு.”

பக்கத்து வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார். தெலுங்குக்காரர்கள். என்னை வதினா என்பார், அவர்கள் பேச்சில் அது அண்ணி. அவரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். “ஏமி வதினா, தனியா ஒக்காந்து யார்ட்டப் பேசுறீங்க? வேணும்னா நான் செத்த நேரம் வந்து உக்காரட்டா?”

“இருக்கட்டும்மா, கர்த்தர் பாத்துக்குவாரு. ஒனக்கு எதுக்குச் செரமம்.”

ஐயர், மகன், இந்த அம்மா என்று மூன்று பேரிடமும் கர்த்தர் பெயரைச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். கேட்பதற்குக் கூச்சம் என்று சொன்னால் வெட்கமாக இருக்கும். விசுவாசம் என்று சொன்னால் கௌரவமாக இருந்தது.

கரண்டி தட்டும்போது நான் சொல்லுகிற பதிலும் மாறியது. முன்பெல்லாம் ஓடுவேன். பிறகு, “இரிங்க, இந்த ஒண்ண முடிச்சிட்டு வாரேன்” என்பேன். அந்த ஒன்று முடிவதற்குள் மனம் ஓடிவிடும். பிரித்து மறுபடி மடிப்பேன். அவர் தட்டிக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தம் ஜெபத்தைக் கலைக்கிறதே என்று எனக்கு எரிச்சல் வரும். ஒரு நாள் கரண்டியை அவர் கைக்கு எட்டாமல் மேலே தள்ளிக் கட்டியிருக்கிறேன். ஒரு மணி நேரம்தான். பிறகு மனது கேட்காமல் மறுபடி இறக்கிக் கட்டினேன். ஆனால் எட்டாமல் கட்டினேன் என்பதை எழுதாமல் விட முடியாது.

அதற்குப் பிறகு அவர் தட்டுவது குறைந்தது. ஒரு நாளைக்கு மூன்று தடவை, பிறகு ஒரு தடவை. பிறகு நின்றே போனது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக் கிடந்தார். அவருக்கு மனச் சமாதானம் வந்துவிட்டது என்று நான் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

அந்த மாசி மாதத்தில் வீட்டுக்குள் ஒரு வாடை வந்தது. வாசல் சாக்கடைதான் என்று நினைத்தேன். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, பிளீச்சிங் பவுடர் போட்டேன். மறுநாளும் வாடை. பக்கத்து வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தவர், சாக்கடைப் பக்கம் பார்க்கவே இல்லை. நேராகக் கட்டிலுக்குப் போனார்.

“வதினா, அண்ணனப் பொரட்டுங்க.”

“இப்பதான் காலையில...”

“பொரட்டுங்க சொல்றேன்.”

இருவருமாகப் புரட்டினோம். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், என் உள்ளங்கை அளவுக்குத் தோல் கறுத்துக் குழி விழுந்திருந்தது. நான் தினமும் துணி மாற்றியிருக்கிறேன், தண்ணீர் தொட்டுத் துடைத்திருக்கிறேன். அவசர அவசரமாகத் துடைத்ததில் கண்ணால் பார்த்திருக்கவில்லை. அவர் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. எத்தனை நாளாக அந்தக் குழியின்மேல் படுத்துக் கிடந்தாரோ. தட்டித் தட்டிப் பார்த்து, இவள் வரமாட்டாள் என்று விட்டுவிட்டார். அதைத்தான் நான் சமாதானம் என்று சொன்னேன்.

வாதத்துக்குப் பார்த்த டாக்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரியில் என்பதால் அங்கேயே கொண்டுபோனோம். ஆட்டோவில் அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். வழி நெடுக மலை கூடவே வந்தது. நான் ஜெபம் பண்ணப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை. பல மாதமாக ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லி உள்ளே காய்ந்துபோயிருந்தது.

கட்டுப் போடுகிற அறையில் ஒரு நர்சம்மா, என் மகளாக இருக்கும் வயது. பெட்டியைத் திறந்து ஒரு பாக்கெட்டைப் பிரித்தார். உள்ளே கையகலச் சதுரத் துணிகள். ஓரம் உள்ளே தள்ளி மடித்தவை. நான் மடித்ததா, என் தெருவில் வேறொருத்தி மடித்ததா, வேறு ஊரா, யாருக்குத் தெரியும். ஆனால் என் கை அதை அடையாளம் கண்டுகொண்டது.

நர்சம்மா ஒன்றை மருந்தில் நனைத்துப் புண்ணைத் துடைத்துக் கூடையில் போட்டார். இன்னொன்று. இன்னொன்று. ஒன்று கை தவறிக் கீழே விழுந்தது. அதைக் காலாலேயே கூடைப் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தார். எனக்கு ஐயோ என்று வந்தது. அதற்கு ஒரு ஜெபம் இருந்திருக்குமே.

“எத்தனை மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டுறீங்க?” என்று கேட்டார் நர்சம்மா.

நான் கூடையில் கிடந்த துணிகளையே பார்த்தேன்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டணும். மருந்து, துணி எல்லாம் பொறவுதான். பொரட்டுனாத்தான் ஆறும்.” பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தவர் குரலைக் குறைத்தார். “பாட்டி, நீங்க கடைசியா எப்பச் சாப்டீங்க?”

அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அம்மா இட்லி வாங்கி வந்து பொட்டலத்தைப் பிரித்து என் கையில் வைத்தார். செவ்வாய்க்கிழமை. உபவாச நாள். சாப்பிட்டேன்.

அந்தப் பெஞ்சில் வைத்துத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. செக்கிங்கில் உட்கார்ந்து நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கிற பெண்களைப் போல, நான் கர்த்தரை உட்கார வைத்துவிட்டேன். ஒரு துணி தவறினால் கட்டையே திருப்பி அனுப்புகிறவர் என்று நினைத்துவிட்டேன். அவர் அப்படிச் சொன்னதே இல்லை. முகம் தெரியாத ஆயிரம் புண்ணுக்கு ஆற்றும் ஆற்றும் என்று சொன்னேன். ஆற்ற வேண்டிய புண் நாலடி தள்ளி என் கட்டிலில் இருந்தது. அது என்னைக் கூப்பிட்டபோது, ஜெபத்தில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பல நாள் என்னால் ஜெபம் பண்ண முடியவில்லை. துணியும் மடிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டினேன். அவர் கனமான மனுஷர். என் இடுப்பு விட்டுப்போகும். ஒரு நாள் மத்தியானம் அவர் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்க முடியாமல் நின்றபோது, ‘ஆண்டவரே, நீரும் ஒரு கை போடும்’ என்று வாயில் வந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை. புரட்டிவிட்டேன். அன்றிலிருந்து புரட்டும்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் என் ஜெபம். மறந்துபோகிற தடவைகளும் உண்டு. அப்போதும் அவர் புரளத்தான் செய்கிறார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்ற நேரம் எனக்குத்தான் தெரியும். சாட்சி சொல்ல எழுந்து நிற்பது அதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

“நாளைக்குக் காலையில... ரெண்டு மணி நேரம்... அவிய பக்கத்துல இருக்க முடியுமாம்மா? நான் கோயிலுக்குப் போயிட்டு வந்திருதேன்.”

அந்த அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். “இதக் கேக்க ஒங்களுக்கு ரெண்டு வருசமா வதினா? ஒங்க வீட்டு டிவி ஓடுதா? எங்க வீட்ல மருமக ரிமோட்டக் குடுக்க மாட்டேங்கா. நான் நல்லா வந்து உக்காருவேன்.”

அண்ணாச்சியிடமும் சொல்ல வேண்டியிருந்தது. “இனிமே பாதி மூட்டைதான் அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம தொட மாட்டேன்.”

“ஏன், தொட்டா ஒங்க சாமி கோவிச்சுக்குமா?”

“சாமி ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் முடியல.”

அந்த வார்த்தையை அதற்கு முன்னால் நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், மூட்டையைப் பிரித்துப் பாதியைத் திரும்ப ஆட்டோவில் போட்டார். முதலாளியிடம் என்ன சொன்னாரோ தெரியாது. வேலை போகவில்லை.

ரொம்ப நாளைக்குப் பிறகு கோயிலில் போய் உட்கார்ந்த அன்றைக்கு, பாட்டு முடிந்து ஐயர் பிரசங்கத்தை ஆரம்பித்ததும் தூங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறேன். ஆசீர்வாதம் சொல்லும்போதுதான் எழுப்பினாள். “ஏத்தே, எந்தோளு மரத்துப் போச்சு” என்று காதுக்குள் சிரித்தாள். ஆனாலும் அவள் அசையாமல்தான் இருந்திருக்கிறாள். பிரசங்கம் எதைப் பற்றி என்று இன்றைக்கும் தெரியாது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் தோள்பட்டைக் கனம் இறங்கியது.

புண் ஆற ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. குழி மேடேறி, புதுத் தோல் ரோஸ் நிறத்தில் மூடியது. அவர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கரண்டி தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் அதை அவர் விரலில் கொண்டுபோய் வைப்பேன். பிடிக்கமாட்டார். ஒரு நாள் மன்னிப்புக் கேட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த மாதங்களில் நான் தனியாக இருந்ததைப் போல, மதினி செத்தபோதுகூட இருந்ததில்லை. முகம் தெரியாத கூட்டமும் போய்விட்டது. முகம் தெரிந்த ஒரே ஆளும் என்னைக் கூப்பிடவில்லை.

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். ஒரு கட்டை ஆரம்பிக்கும்போது மொத்தமாக ஒரு ஜெபம், அதற்குப் பிறகு வெறும் வேலை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படிக் கண்ணை மூடி, ‘ஆண்டவரே, இந்த நூறு பேரையும்’ என்று ஆரம்பித்திருந்தேன்.

டங்.

கண்ணைத் திறந்தேன். மலைப் பக்கம் இடியோ என்று பார்த்தேன். மறுபடி கட்டில் கம்பியில் டங், டங், டங் என்று விடாமல், கோபமாக, பழைய மில் குரலில் சோறு கேட்கிற மாதிரியே வந்தது.

“வாரேன், இந்தா வந்துட்டேன்” என்று எழுந்தேன். மடியில் இருந்த துணியெல்லாம் தரையில் சிதறியது. ஜெபம் பாதியில் நின்றது. அந்த நூறு பேரையும் கர்த்தர் பார்த்துக்கொள்வார். என் வீட்டுக்காரர் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து, ஜன்னல் பக்கமாகப் புரட்டினேன்.